நடந்தால் மூளையில் புது செல் பிறக்குமா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் நடக்க வேண்டும். முதல் வாரம் நாளொன்றுக்கு 10 நிமிடம், இரண்டாவது வாரம் 15. இப்படி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஏழாவது வாரத்தில் 40 நிமிடம் வரும். அதோடு கூட்டுவதை நிறுத்திவிடலாம். அந்த 40 நிமிடத்தை ஒரு வருடம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு நான் போட்டது அல்ல. அமெரிக்காவில் கிர்க் எரிக்சன், ஆர்தர் கிரேமர் ஆகியோரின் குழு 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை வைத்து நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருந்த அட்டவணை. பாதிப் பேர் நடந்தார்கள். மீதிப் பேர் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, நடந்தவர்களின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு அதே பகுதி ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருந்தது. அந்த வயதில் சுருங்குவதுதான் வழக்கம். ஆகவே, சுருங்க வேண்டியது பெருத்தது என்பது பெரிய செய்தியாகி, உலகம் முழுக்கச் சுற்றி, கடைசியில் ‘நடந்தால் மூளை வளரும்’ என்ற ஒற்றை வரியாக நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த ஒற்றை வரியில் பாதி உண்மை, பாதி அவசரம். இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டு நடக்கத் தொடங்கினால், மூன்றாவது மாதம் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று விட்டுவிட மாட்டீர்கள்.

செல் பிறக்கும் இடம்

முழு மூளையிலும் செல்கள் புதிதாக முளைப்பதில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாம் பிறக்கும்போதே வந்தவை, நம்மோடு போகிறவை. விதிவிலக்காகச் சொல்லப்படும் முக்கியமான இடம் இந்த ஹிப்போகாம்பஸ். காதுகளுக்கு உள்பக்கமாக, இடமும் வலமுமாக இரண்டு இருக்கும். வெட்டி எடுத்துப் பார்த்தால் கடற்குதிரை மாதிரி வளைந்திருக்கும் என்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். அதற்குள்ளும் டென்டேட் ஜைரஸ் என்ற ஒரு மெல்லிய மடிப்பில்தான் புது செல் பிறக்கிற சங்கதி.

அந்த மடிப்புக்கு என்ன வேலை? நேற்று ரயில் நிலையத்தில் வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், இன்று எங்கே நிறுத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இடம் ஒன்று, வண்டி ஒன்று, நேரம்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு நினைவும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்றுபோலத் தோன்றுகிற அனுபவங்களைப் பிரித்து வைப்பதில் டென்டேட் ஜைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. புதிதாகப் பிறந்த செல்கள் இந்த வேலைக்கு உதவுகின்றன என்பது எலிச் சோதனைகளில் தெரிந்தது.

வளர்ந்த மூளையில் புது செல் பிறக்கும் என்பதையே அறிவியல் உலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை. நரம்பு செல்லைப் பற்றிய நம் அறிவுக்கு அடித்தளம் போட்ட ஸ்பெயின் நாட்டு அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் எல்லாம் செத்துப் போகலாம், எதுவும் மறுபடி முளைக்காது என்ற பொருளில் எழுதி வைத்தார். 1906இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் சொல்லை யார் தட்டுவது? 1962இலும், பிறகு கோபால் தாஸுடன் சேர்ந்து 1965இலும், ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் புது செல்கள் பிறப்பதைக் காட்டினார். ஏறக்குறைய யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1980களில் ஃபெர்னாண்டோ நோட்டபோம் பாடும் பறவைகளில் அதையே காட்டியபோதும், ‘பறவைக்குச் சரி, பாலூட்டிக்கு?’ என்றுதான் கேட்டார்கள்.

திருப்பம் வந்தது ஒரு சின்னச் சக்கரத்தால். கலிஃபோர்னியாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஃப்ரெட் கேஜின் குழு, பொம்மைகளும் குழாய்களும் ஓட்டச் சக்கரமும் உள்ள பெரிய கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளுக்குப் புது செல்கள் அதிகம் இருப்பதை 1997இல் கண்டது. அந்தக் கூண்டில் பலன் தந்தது எது என்று பிரித்துப் பார்க்கிற வேலையை ஹென்றியெட் வான் பிராக் செய்தார். சிலவற்றை நீரில் விட்டு வழி கண்டுபிடிக்க வைத்தார், சிலவற்றை வெறுமனே நீந்த வைத்தார், சிலவற்றுக்குச் சக்கரம் மட்டும் கொடுத்தார். 1999இல் முடிவு வந்தது: சக்கரத்தில் ஓடியவற்றுக்கு, சும்மா இருந்தவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு புது செல்கள். வேறு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை, ஓடினால் போதும். 2005இல் வயதான எலிகளை வைத்துப் பார்த்தார்கள். 19 மாத வயது வரை, அதாவது எலிக்கணக்கில் கிழப்பருவம் வரை, ஓடியே பழகாதவை. சக்கரம் கிடைத்ததும் அவற்றின் புது செல் உற்பத்தி, இளம் எலிகளின் அளவில் பாதி வரை ஏறிவிட்டது. ‘இந்த வயதுக்கு மேல் என்ன நடை’ என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்லும் முதல் சேதி இதுதான். எலியை வைத்தா எனக்குப் புத்தி சொல்கிறாய் என்று முறைப்பார்கள், பரவாயில்லை.

மனிதனுக்கும் உண்டா?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1998இல் சுவீடன் நாட்டின் பீட்டர் எரிக்சன் (மேலே சொன்ன எரிக்சன் வேறு, இவர் வேறு) ஒரு வழி கண்டார். புற்றுநோய் நோயாளிகள் சிலருக்கு, பிரியும் செல்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு அடையாளப் பொருளை, கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்ப்பதற்காக ஏற்றியிருந்தார்கள். அவர்கள் இறந்த பிறகு ஐந்து பேரின் மூளையை ஆராய்ந்ததில், ஹிப்போகாம்பஸில் அந்த அடையாளம் உள்ள நரம்பு செல்கள் கிடைத்தன. அதாவது, அந்த முதிய வயதில் பிறந்த செல்கள்.

அதைவிட விசித்திரமான சான்று 2013இல் ஸ்டாக்ஹோமில் இருந்து வந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தத் திறந்தவெளிச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அந்தக் கார்பன் செடிக்குப் போய், உணவுக்குப் போய், நம் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 என்று பார்த்தால் அந்த செல் பிறந்த வருடம் தெரிந்துவிடும். யோனாஸ் ஃப்ரிசெனின் குழு இப்படிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 நரம்பு செல்கள் புதிதாகச் சேர்கின்றன என்றது. குண்டு வெடித்தவர்கள் இப்படி ஒரு உபயோகத்தைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, முடிந்ததா? இல்லை. 2018 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்து ஒரு குழு, குழந்தைப் பருவத்திலேயே இந்த உற்பத்தி சரிந்துவிடுகிறது, பெரியவர்களிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றது. அடுத்த மாதமே நியூயார்க்கில் இருந்து மௌரா போல்ட்ரினியின் குழு, 79 வயது வரை இருக்கிறது என்றது. 2019இல் மாட்ரிட் குழு ஒன்று, இறந்த பிறகு மூளைத் திசுவை எவ்வளவு நேரம் ரசாயனத்தில் ஊற வைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது, ஊறல் அதிகமானால் அடையாளங்கள் அழிந்துவிடுகின்றன என்று காட்டி, 87 வயதுக்காரரிடமும் இளம் நரம்பு செல்களைக் கண்டது. 2025இல் ஃப்ரிசெனின் குழு மறுபடி வந்து, புது நரம்பு செல்களுக்குத் தாயாகப் பிரியும் செல்களையே பெரியவர்களின் மூளையில் அடையாளம் கண்டோம் என்றது. என் கணிப்பில் தராசு ‘உண்டு’ என்ற பக்கம்தான் சாய்கிறது. ஆளுக்கு ஆள் அளவு மிகவும் மாறும் என்பதும் தெரிகிறது.

ஆனால் கவனியுங்கள். உயிரோடு நடமாடும் மனிதனின் மூளையில் புது செல் எத்தனை பிறந்தது என்று எண்ணிக் காட்டும் ஸ்கேன் எதுவும் இல்லை. 2011 ஆய்வில் கூடிய 2 சதவீதம் புது செல்லாகவும் இருக்கலாம், புது ரத்தக் குழாயாகவும் இருக்கலாம், பழைய செல்கள் விட்ட புதுக் கிளைகளாகவும் இருக்கலாம். அதோடு, அந்த ஆய்வில் நினைவாற்றல் சோதனையில் நடந்தவர்கள் மட்டும் தேறவில்லை, மற்றக் குழுவும் தேறியது. நடந்தவர்களில் ஹிப்போகாம்பஸ் அதிகம் பெருத்தவர்களுக்கு நினைவும் அதிகம் தேறியது என்பதுதான் கிடைத்த தொடர்பு. 2018இல் இந்த மாதிரி 14 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, வளர்ச்சியைவிடத் தேய்மானம் தடுக்கப்பட்டதே கண்ணில் பட்டது.

ஆகவே, ‘இன்று 40 நிமிடம் நடந்தேன், ஆயிரம் செல் வாங்கினேன்’ என்று கணக்கெழுத வழியில்லை. தேய்கிற ஒன்றைத் தேயவிடாமல் பிடித்துவைப்பதற்கு நடக்கிறோம். எனக்கு இதுவே போதுமான காரணமாகப் படுகிறது.

கால் நடந்தால் மூளைக்கு எப்படித் தெரியும்?

ரத்தம் வழியாகத்தான். தசை வேலை செய்யும்போது சும்மா இருப்பதில்லை. பல பொருட்களை ரத்தத்தில் கலந்து அனுப்புகிறது. ஐரிசின் ஒன்று, கிரேக்கத் தொன்மத்தில் தூது போகும் தேவதை ஐரிஸின் பெயர். கேதெப்சின் பி என்பது இன்னொன்று. மேல்மூச்சு வாங்கும்போது தசையில் ஊறும் லாக்டேட்டும் இந்தத் தூதர் கூட்டத்தில் சேர்த்தி. கல்லீரலுக்கும் பங்கு உண்டு. 2020இல், ஓடிப் பழகிய கிழட்டு எலிகளின் ரத்தத் திரவத்தை ஓடாத கிழட்டு எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஓடாமலேயே அவற்றின் ஹிப்போகாம்பஸில் புது செல்கள் கூடின. கல்லீரலில் சுரக்கும் ஒரு என்சைம் அதற்கு ஒரு காரணம் என்று கண்டார்கள்.

இந்தத் தூதெல்லாம் வந்து சேர்ந்ததும் மூளைக்குள் கூடுகிற பொருள்களில் முக்கியமானது பிடிஎன்எஃப் என்ற புரதம். நரம்பு செல்லுக்கு இது உரம் மாதிரி. பிறந்ததைச் சாகாமல் காப்பாற்றுவது, கிளை விட வைப்பது, பக்கத்து செல்லோடு இணைய வைப்பது எல்லாம் இதன் வேலை. 1982இல் பன்றி மூளையில் இருந்து பிரித்தெடுத்தார்கள். எலி ஓடினால் ஹிப்போகாம்பஸில் இது கூடும் என்பது 1995இல் தெரிந்தது. ‘பிடிஎன்எஃப் கூட்டும் மாத்திரை’ என்று யாராவது விற்றால் அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு முன்

இதயத் தொந்தரவு இருந்தவர்கள், நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர்கள், அடிக்கடி தலைசுற்றி விழுகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டோ மிட்டாயோ வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மன அழுத்த நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், ‘நடந்தாலே புது செல் வருகிறதாமே’ என்று தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். எலிகளில் அந்த மாத்திரைகளே புது செல்களைக் கூட்டுகின்றன என்பது தனிக் கதை.

வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஏழரை மணிக்கு மேல் கொளுத்துகிற ஊரில் இருந்தால் விடியற்காலையோ, வெயில் தாழ்ந்த பிறகோதான் சரிப்படும். எந்த நேரம் மூளைக்கு அதிக நன்மை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விடாமல் வர முடிகிற நேரம்தான் நல்ல நேரம்.

முதல் ஏழு வாரம்: நேரம்

10, 15, 20, 25, 30, 35, 40. இந்தப் படிக்கட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்தேன். ‘பத்து நிமிடம் என்ன பெரிய நடை, கடைக்குப் போய்வந்தாலே ஆயிற்றே’ என்ற இளக்காரத்தில் முதல் நாளே 45 நிமிடம் வேகமாக நடந்தேன். நாலாவது நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி எடுத்து, பத்து நாள் வீட்டுக்குள் நொண்டினேன். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். அவற்றுக்காகத்தான் வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்ற இந்தக் கணக்கு.

ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் போனால், விட்ட இடத்தில் இருந்து ஒரு படி இறங்கி ஆரம்பியுங்கள். 30இல் விட்டால் 25. மூன்று நாள் என்பதை வாரக் கடைசியில் மொத்தமாகத் தீர்க்கப் பார்க்காமல், திங்கள், புதன், வெள்ளி என்று இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேகம்?

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மெதுவாகக் கதை பேசிக்கொண்டு பூங்காவைச் சுற்றுவதும் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் ஆய்வில் நடந்தது அந்த நடை இல்லை. முதல் ஏழு வாரத்துக்கு ஒரு நாடித்துடிப்பு இலக்கு, அதற்குப் பிறகு அதைவிட உயர்ந்த இலக்கு என்று வைத்திருந்தார்கள்.

கணக்கு இப்படி. 220இல் இருந்து உங்கள் வயதைக் கழியுங்கள். 50 வயதென்றால் 170. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 70 என்று வைத்துக்கொள்வோம். 170இல் 70 போனால் மீதி 100. இதுதான் உங்கள் கையிருப்பு. முதல் ஏழு வாரம் கையிருப்பில் 50 முதல் 60 சதவீதம் வரை செலவழிக்கலாம். அதாவது 50இல் இருந்து 60. அதோடு ஓய்வுத் துடிப்பு 70ஐக் கூட்டினால் 120 முதல் 130. எட்டாவது வாரத்தில் இருந்து 60 முதல் 75 சதவீதம், அதாவது 130 முதல் 145.

ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்கும், கணக்கென்றாலே காத தூரம் ஓடுகிறவர்களுக்கும் எளிய வழி ஒன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும்; ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச்சே இடையில் அறுந்து அறுந்து வந்தால் வேகம் அதிகம். தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்ச நேரம் மெதுவாக நடங்கள். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடது தோளுக்கோ பரவும் வலியோ, கண் இருட்டலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.

நடைதானா? ஜிம் கூடாதா?

ஃபின்லாந்தில் யூவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் 2016இல் எலிகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள். ஒரு கூட்டம் இஷ்டம்போல் சக்கரத்தில் நீண்ட தூரம் ஓடியது. இன்னொன்று ஓட்ட இயந்திரத்தில் கொஞ்ச நேரம் அசுர வேகம், கொஞ்ச நேரம் மெதுவேகம் என்று மாறி மாறி ஓடியது. மூன்றாவது கூட்டம் வாலில் எடையைக் கட்டிக்கொண்டு ஏணி ஏறியது. எலி உலகத்து எடைப்பயிற்சி. புது செல்கள் நன்றாகக் கூடியது முதல் கூட்டத்துக்குத்தான். இடைவெளி விட்டு விரைந்தவற்றுக்குச் சொற்பம். எடை தூக்கியவற்றுக்குக் கூடவே இல்லை.

இதை வைத்து எடைப்பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். வயதாக ஆகத் தசை கரையும், விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. நம் மூன்று 40 நிமிடம் சேர்ந்தால் 120தான். மீதி 30 நிமிடத்துக்கு இன்னொரு நாள் மிதிவண்டி ஓட்டுங்கள், நீந்துங்கள், படியேறுங்கள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு நடையைவிட மிதிவண்டியும் நீச்சலும் உத்தமம். மூச்சு வாங்க வைக்கும் எதையும், இருபது முப்பது நிமிடம் தொடர்ந்து செய்ய முடிந்தால் அது கணக்கில் சேரும்.

யாரோடு?

எலிகளை வைத்து 2006இல் பிரின்ஸ்டனில் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டமாக வாழ்ந்த எலிகளும் தனிக் கூண்டில் இருந்த எலிகளும் ஓடின. கூட்டத்தில் இருந்தவற்றுக்குப் புது செல்கள் சீக்கிரமே கூடின. தனியே கிடந்தவற்றுக்கு அந்தப் பலன் தாமதமாகத்தான் வந்தது. தனிமை ஒரு மன அழுத்தம். அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் புது செல் பிறப்பதை அமுக்குகின்றன.

மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. இருந்தாலும் துணை இருந்தால் நடை தொடர்கிறது என்பதற்கு ஆய்வு தேவையில்லை. எதிர்வீட்டு அக்கா ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தால் போகாமல் இருக்க முடியுமா? சும்மா ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

விருப்பமும் முக்கியம். சக்கரத்தில் ஓடிய எலிகளை யாரும் தார்க்குச்சி போட்டு ஓட்டவில்லை. தாங்களாக ஏறி ஓடின. வீட்டில் வயதானவர்களை ‘நடந்தே ஆகணும்’ என்று விரட்டுகிற மகன்களும் மருமகள்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விரட்டுவதை விட்டுக் கூடப் போங்கள்.

நடந்து முடித்த பிறகு

இது இந்தக் கட்டுரையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். புது செல் பிறப்பது ஒன்று, பிழைப்பது வேறு. எலியில் பிறக்கும் புது செல்களில் பெரும்பகுதி சில வாரங்களில் செத்துவிடுகிறது. வேலை கிடைத்து, பழைய செல்களோடு தொடர்பு ஏற்பட்டவை மட்டும் தங்குகின்றன. ஜெர்மனியில் கெம்பர்மானின் குழு 2009இல் எலிகளை முதலில் பத்து நாள் ஓட விட்டது. பிறகு 35 நாள், புதுப் புதுப் பொருட்கள் நிறைந்த பெரிய கூண்டில் விட்டது. இரண்டும் கிடைத்த எலிகளுக்கு, ஒன்று மட்டும் கிடைத்தவற்றைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகமாகப் புது செல்கள் தங்கின. ஓட்டம் நாற்று விடுகிறது. கற்றல் நட்டுப் பிழைக்க வைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, நடப்பதோடு ஒன்றைப் புதிதாகக் கற்கவும் தொடங்குங்கள். ஏற்கெனவே கைவந்த சுடோகுவை இன்னும் வேகமாகப் போடுவது புதிது ஆகாது. வேறு மொழியின் எழுத்துகள், வாசிக்கத் தெரியாத ஒரு வாத்தியம், கோலத்தில் இதுவரை போடாத சிக்குப் புள்ளி வகை, பக்கத்து ஊரின் சந்துகள், எதுவானாலும் தடுமாற வைக்க வேண்டும். ஹிப்போகாம்பஸுக்கு வழி கண்டுபிடிக்கும் வேலையில் தனிப் பிரியம் உண்டு. லண்டனின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் வாங்கும் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருப்பதை 2000இல் எலினார் மக்வயர் காட்டினார். ஏழு வாரம் முடிந்த பிறகு, வாரத்தில் ஒரு நாளாவது கைபேசி வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டுத் தெரியாத தெரு வழியாகப் போய் வீடு திரும்பிப் பாருங்கள். வழி தவறினால் ஐந்து நிமிடம் கூடுதல் நடை, அவ்வளவுதான்.

ஒரு சின்னத் தகவல், பரீட்சைக்குப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். 2014இல் டொரன்டோவில் பால் ஃபிராங்க்லண்டின் குழு, ஒன்றைக் கற்ற பிறகு வாரக்கணக்கில் ஓடி நிறையப் புது செல்களைச் சேர்த்துக்கொண்ட எலிகள், கற்றதைச் சீக்கிரம் மறந்தன என்று கண்டது. புது செல்கள் பழைய இணைப்புகளின் இடத்தில் வந்து உட்கார்வதால் அப்படி. குழந்தைப் பருவத்து முதல் சில வருடங்கள் நமக்கு நினைவில் இல்லாமல் போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மறப்பதும் மூளையின் வேலைதானே. உங்கள் 40 நிமிட நடை தேர்வுப் பாடத்தை அழித்துவிடும் என்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் தூக்கம். நீண்ட நாள் தூக்கம் கெட்ட எலிகளுக்கும், சாராயம் ஏற்றிய எலிகளுக்கும் புது செல்கள் குறைகின்றன. அதிகாலை நடைக்காகத் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரத்தை வெட்டினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது மாதிரி. ஐந்தரைக்கு எழ வேண்டுமென்றால் பத்து மணிக்குள் படுங்கள். நடை முடிந்த மகிழ்ச்சியில் நாலு பேராகச் சேர்ந்து வடையும் பஜ்ஜியும் சாப்பிடும் வழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எம்ஆர்ஐ எடுக்கப் பணம் செலவழிக்காதீர்கள். ஆய்வாளர்கள் கண்டது அறுபது பேரின் சராசரி. ஒரு தனி ஆளுக்கு எடுத்த இரண்டு படங்களில் 2 சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தம் சொல்வது சிரமம். நெற்றியில் மாட்டிக்கொள்ளும் கருவிகள், ‘மூளை வயது’ சொல்லும் செயலிகள் எதுவும் புது செல்லை எண்ணாது.

நீங்கள் பார்க்கக்கூடியது வேறு. முதல் வாரமும் எட்டாவது வாரமும் காலையில் படுக்கையில் எண்ணிய நாடித்துடிப்பை எழுதி வையுங்கள். பலருக்கு அது கொஞ்சம் இறங்கும். அதே தெருவை அதே மூச்சில் எத்தனை நிமிடத்தில் கடக்கிறீர்கள் என்று பாருங்கள். தூக்கமும் மனநிலையும் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே மாறத் தொடங்கும். மறதி விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டும். ஆய்விலேயே ஒரு வருடம் ஆயிற்று. தெரிந்த வழியில் வீட்டுக்கு வரத் தெரியாமல் திகைப்பது, சொன்னதையே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வது, பணக் கணக்கில் திடீரெனத் தடுமாறுவது என்றெல்லாம் வீட்டில் யாருக்காவது தெரிந்தால், நடையை நம்பிக் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

முதல் நாள்

கையில் கடிகாரம் இருந்தால் போதும். வாசலில் இருந்து ஐந்து நிமிடம் நடங்கள். எந்தக் கடை, எந்த மரம், எந்த மின்கம்பம் வருகிறதோ அதை நினைவில் வைத்துக்கொண்டு திரும்புங்கள். வீடு வந்தால் பத்து நிமிடம். அடுத்த வாரம் திரும்பும் இடம் அந்த மரத்தில் இருந்து இரண்டரை நிமிடம் தள்ளி இருக்கும்.